காமாரிங் சொல்லாத வார்த்தை

ப்ரிஸ்கா கெருபோவுக்குப் பேராசிரியர் பதவிக்கான நேர்காணல் கடிதம் வந்த அதே வாரத்தில்தான் அவளுடைய ஆய்வு மாணவன் எசெகோன் அந்தத் தாள்களைக் கொண்டுவந்தான். எல்டோரெட்டில் எங்கள் பல்கலைக்கழகத்தின் சமாதானக் கல்வித் துறையில் அவள் அறைக்கும் என் அறைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அங்கே தும்மினால் இங்கே கேட்கும். அன்று மதியம் அந்தப் பக்கம் பேச்சுக்குரல் வந்துகொண்டிருந்தது, பிறகு நின்றுவிட்டது. வெகுநேரம் கழித்து எசெகோன் கதவைச் சாத்திக்கொண்டு போகிற சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவளே என் அறை வாசலில் வந்து நின்று, "சிமியு, உனக்கு நேரம் இருக்கா?" என்றாள். பதினைந்து வருடப் பழக்கத்தில் அவள் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை. கதவைத் தள்ளிக்கொண்டு வந்து உட்கார்ந்து பாதியிலிருந்து பேச ஆரம்பிப்பதுதான் அவள் வழக்கம்.

ப்ரிஸ்காவை வெளியுலகம் அறிந்தது ஒரே ஒரு ஊரால். லொகெரிம். போகோட்காரர்களின் மலைச்சரிவு இறங்கித் துர்கானாக்காரர்களின் சமவெளி தொடங்குகிற இடத்தில், காய்ந்த ஆற்றங்கரையில் ஒரு சந்தை. மாடு பிடிக்கப் போவதும், பிடித்தவனைச் சுடுவதும், சுட்டவன் வீட்டைத் தேடி இன்னொரு கூட்டம் போவதும் அந்தப் பக்கத்தில் புதிதில்லை. ஆனால் ஒன்பது வருடத்துக்கு முன்பு ஒரு காலையில் தண்ணீர்த் துறையில் போகோட்காரர்கள் சுட்டதில் பதினொரு பேர் விழுந்தார்கள். அவர்களில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன், துர்கானாப் பெரியவர் எவோயின் பேரன். அதற்குப் பிறகு அந்த வருடம் முழுக்க இரண்டு பக்கமும் பிணம் விழுந்தது. சந்தை மூடிவிட்டது. அடுத்த வருடம் இரண்டு பக்கத்துக் கிழவர்களும் ஆற்று மணலில் புளியமரங்களின் கீழே இரண்டு நாள் கூடிப் பேசினார்கள். கடைசியில் ஒரு செவலைக் காளையை அறுத்து, அதன் இரைப்பையிலிருந்த அரைபட்ட புல்லை எடுத்து ஒருவர் நெஞ்சில் ஒருவர் பூசிக்கொண்டார்கள். மூன்றாவது வாரம் சந்தை திறந்தது. சுற்றுப்பட்ட ஊர்களெல்லாம் எரிந்த வருடங்களிலும் லொகெரிம் மட்டும் எரியவில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒலிப்பதிவுக் கருவியோடு உட்கார்ந்திருந்த ஒரே வெளியாள் ப்ரிஸ்கா. அப்போது அவள் இளநிலை விரிவுரையாளர், கிசிப் பக்கத்துத் தேயிலைக்காரர் மகள், அந்த இரண்டு மொழியில் ஒன்றுகூடத் தெரியாது. அவளுடைய புத்தகத்தின் நான்காம் அத்தியாயம் அந்த இரண்டு நாளைப் பற்றியது. அவள் வாதம் முழுவதும் ஒரே வாக்கியத்தின் மேல் நின்றது. போகோட் தரப்பின் பெரியவர் காமாரிங், செத்த பையனைப் பற்றிச் சொன்னது அது: அவனை நினைத்தால் எங்களுக்கும் தூக்கம் வரவில்லை. உயிருக்கு ஈடாக எத்தனை மாடு என்ற பேச்சு வருவதற்கு முன்பே துக்கத்தை வாய்விட்டுச் சொன்னதால்தான் சமாதானம் பிடித்தது என்று அவள் எழுதினாள். அடிஸ் அபாபா மாநாட்டில் அதை வாசித்தாள், நார்வேயில் வாசித்தாள். முதலாண்டு வகுப்பில் நானே அந்த வாக்கியத்தைப் பலகையில் எழுதிப் பாடம் நடத்தியிருக்கிறேன். இரண்டு முறை தேர்விலும் கேட்டிருக்கிறேன்.

அந்தக் கூட்டத்துக்கு மொழிபெயர்த்தவள் செப்போசெரா என்ற பெண். பிறந்தது போகோட் வீட்டில், வாழ்க்கைப்பட்டது துர்கானா வீட்டில். லொகெரிம் சந்தையில் புகையிலையும் சர்க்கரையும் மக்காச்சோள மாவும் விற்பவள். இந்த மொழியில் சொன்னதை அந்த மொழியில் சொல்லி, பிறகு ப்ரிஸ்காவுக்கும் அதிகாரிகளுக்குமாக, பொதுமொழியான சுவாஹிலியிலும் சொன்னாள். ப்ரிஸ்கா எழுதியதெல்லாம் அந்த சுவாஹிலியை வைத்துத்தான்.

இந்த வருடம் அவளுக்குக் கிடைத்த புதிய ஆய்வுத் திட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. பழைய ஒலிப்பதிவுகளை வரிக்கு வரி எழுத்தாக்கி, யாரும் பார்க்கும்படி பொது ஆவணக் காப்பகத்தில் வைக்கவேண்டும். அதற்காகத்தான் எசெகோனிடம் கொடுத்தாள். அவன் அவளிடம் முனைவர் பட்டம் செய்கிறவன், துர்கானாப் பையன், லொகெரிமிலிருந்து அரைநாள் நடை தூரத்தில் பிறந்தவன். போகோட் பக்கத்து மிஷன் பள்ளியில் எட்டு வருடம் விடுதியில் இருந்து படித்ததால் அந்த மொழியும் அவனுக்கு நாக்கில் புரளும்.

"காமாரிங் அப்படிச் சொல்லவே இல்ல" என்று ப்ரிஸ்கா தாள்களை என் மேஜைமேல் வைத்தாள்.

இடப்பக்கம் கிழவர்கள் பேசியது. வலப்பக்கம் செப்போசெரா அதை மற்ற மொழியில் சொன்னது. நான் படித்துப் பார்த்தேன்.

துர்கானாப் பெரியவர் எவோய் எழுந்து சொன்னது: "உங்க மேல பாசம் பொங்கி நாங்க இங்க வந்து உக்காரல. எங்க கையில தோட்டா தீந்துபோச்சு. புதுசு வந்ததும் அப்புறம் பேசிக்கலாம்." செப்போசெரா போகோட்காரர்களிடம் சொன்னது: "கையில தோட்டா இல்லாம வந்து உக்காந்திருக்கோம். பேசலாம்னுதான் வந்தோம்."

அதற்குக் காமாரிங் சொன்னது: "அந்தப் பையன் ஓடத் தெரியாம செத்தான். ஓடத் தெரியாதவனுக்கெல்லாம் நாங்க மாடு குடுக்கறதில்ல. அவனை நினைச்சு இங்க எவனும் தூக்கம் கெடல." செப்போசெரா துர்கானாக்காரர்களிடம் சொன்னது: "அந்தப் பையன் ஓடறதுக்குள்ள செத்துட்டான். மாடு குடுத்தா அதுக்கு ஈடாகுமா? அவனை நினைச்சா எங்களுக்கும் தூக்கம் வரல."

இரண்டு நாள் பேச்சும் இப்படியே இருந்தது. அவள் கிழவர்களின் வார்த்தைகளையே எடுத்து, அவற்றைத் திருப்பிப் போட்டிருந்தாள்.

ப்ரிஸ்கா அவசரப்படுகிறவள் இல்லை. கபெங்குரியாவில் ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் ஊர் பேர் சொல்லாமல் சில பகுதிகளை மட்டும் அனுப்பிக் கேட்டாள். அவரும் எசெகோன் எழுதியதையே எழுதி அனுப்பினார்.

அடுத்த வாரம் எசெகோன் இருபது பக்கக் கட்டுரையோடு வந்தான். ப்ரிஸ்கா என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்தாள். தனியாகப் பேச அவளுக்குத் தயக்கமாக இருந்தது என்று நினைக்கிறேன். எசெகோன் மெதுவாகப் பேசுகிறவன், உட்காரச் சொல்லாமல் உட்காரமாட்டான். அன்றும் நின்றுகொண்டுதான் இருந்தான். இதையே தன் ஆய்வேட்டின் மையமாக வைத்துக்கொள்ள விரும்புவதாகச் சொன்னான். மன்னிப்பால் வந்ததாக உலகமே நம்புகிற ஒரு சமாதானம், தவறான மொழிபெயர்ப்பால் வந்தது. கட்டுரையை நான் முன்பே படித்திருந்தேன். நல்ல கட்டுரை. ப்ரிஸ்காவின் நான்காம் அத்தியாயத்தைவிட நல்ல கட்டுரை என்றுகூட எனக்குத் தோன்றியது.

ப்ரிஸ்கா ஆறு மாதம் பொறுக்கச் சொன்னாள். ஏன் என்று அவன் கேட்டான். பொறு என்றால் பொறு என்றாள்.

"மேடம், களத்துல கிடைச்சதை மறைக்கிறவன் ஆய்வாளன் இல்லன்னு முதல் வகுப்புல நீங்கதான் சொன்னீங்க."

"மறைக்கச் சொல்லல. பொறுக்கச் சொல்றேன்."

"லொகெரிமுக்காகப் பயப்படறீங்களா, புத்தகத்துக்காகப் பயப்படறீங்களா?"

அவள் முகம் மாறிவிட்டது. கையைக் கதவுப்பக்கம் நீட்டி, "போ" என்றாள். அவன் போன பிறகு எழுந்து கதவைச் சாத்தினாள். "அவன் கேட்டதுல தப்பில்ல சிமியு. பதில் எனக்கே தெரியல" என்றாள்.

ஆகஸ்ட் விடுமுறையில் என் பழைய பிக்கப்பில் இருவரும் லொகெரிமுக்குப் போனோம். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. மலை இறங்கும்போது வழக்கம்போல் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சந்தையில் அன்று நல்ல கூட்டம். துர்கானாப் பெண்கள் கழுத்து நிறைய மணியோடு கரி மூட்டைகளின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். போகோட் இளைஞர்கள் தேன் டப்பாக்களை வைத்துக்கொண்டு அவர்களிடம் வம்பு பேசிக்கொண்டிருந்தார்கள். செப்போசெராவின் தகரக்கடை நடுவில் இருந்தது. ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான உடம்பு, மேல்பல் ஒன்று இல்லை. ப்ரிஸ்காவைப் பார்த்ததும், "டீச்சரம்மா, இளைச்சுட்டியே. அங்க யாரும் சோறு போடறதில்லையா?" என்று சிரித்தாள். எங்களுக்கு ஆட்டுப்பால் டீ கொடுத்தாள்.

ப்ரிஸ்கா தாளை எடுத்து, இரண்டு பக்கத்தையும் சுவாஹிலியில் அவளுக்குச் சொன்னாள். செப்போசெரா புகையிலையைப் பொட்டலம் கட்டுவதை நிறுத்தவில்லை. எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "ஆமா" என்றாள்.

"எதுக்கு அப்படிச் செஞ்சீங்க?"

"வேற என்ன செய்யணுங்கற? என் அண்ணன் அந்தப் பக்கம் உக்காந்திருக்கான், என் புருசன் இந்தப் பக்கம் உக்காந்திருக்கான். அவங்க சொன்னதை அப்படியே அள்ளிக் காதுல போட்டிருந்தா காளைக்குப் பதிலா ஆளை அறுத்திருப்பாங்க."

"அப்ப எல்லாரையும் ஏமாத்தித்தான் அந்தச் சமாதானம் வந்துதா?"

செப்போசெரா பொட்டலத்தைக் கீழே வைத்தாள். "ஏமாத்தினேனா? ரெண்டு பாசையும் தெரிஞ்சவ அங்க நான் ஒருத்திதான்னா நினைச்ச? காமாரிங் சின்னப் பையனா இருந்தப்ப பஞ்சத்துல இங்க ஓடி வந்து, எவோய் வீட்டுலதான் நாலு வருசம் மாடு மேய்ச்சான். என்னைவிட நல்லாப் பேசுவான். சந்தைக்காரங்க பாதிப் பேருக்கு ரெண்டும் தெரியும். முப்பது பேர் கேட்டுட்டு இருந்தாங்க டீச்சரம்மா. ஒருத்தன் வாயைத் தொறக்கல. அதுதான் அன்னிக்கு நடந்தது. ஒண்ணுமே புரியாம உக்காந்திருந்தது நீயும் அந்த அதிகாரிங்களும்தான்."

அப்படியென்றால் கிழவர்களே நேராக நல்லபடியாகப் பேசியிருக்கலாமே என்று நான் கேட்டேன். அவள் என்னை ஒரு விவரம் கெட்டவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"பின்னால அவனவன் பசங்க துப்பாக்கியோட நிக்கறானுங்க. அவங்க முன்னாடி கிழவன் பணிஞ்சு பேசினா அன்னிக்கே அவன் பேச்சு செல்லாது. வீராப்பாப் பேசறது அவன் வேலை. அதைப் பணிய வச்சு அந்தப் பக்கம் குடுக்கறது என் வேலை. இவன் பசங்களுக்கு இவன் வீரன். அவன் பசங்களுக்கு இவன் நல்லவன். அவ்வளவுதான்."

பிறகு காமாரிங்கைப் பார்க்கப் போனோம். கிழவருக்கு எண்பது தாண்டியிருந்தது. வீட்டு வேலிக்கு வெளியே நிழலில் சிறு முக்காலியைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார். இரண்டு பக்கப் பேச்சையும் அவர் மகன் மொழிபெயர்த்துச் சொன்னான். ப்ரிஸ்கா புகையிலை கொடுத்துவிட்டு, அந்தக் கூட்டத்தில் செப்போசெரா சொன்னது அவருக்குப் புரிந்ததா என்று மட்டும் கேட்டாள். மகனுக்குக் கேள்வியின் உள்ளர்த்தம் தெரியவில்லை, அப்படியே சொன்னான். கிழவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். மகனை எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அவன் போனதும், அவருக்குத் தெரியாது என்று நாங்கள் நினைத்திருந்த சுவாஹிலியில், நன்றாகவே, அவரே பேசினார்.

"அன்னிக்கு எனக்குக் காது சரியாக் கேக்கலம்மா. இன்னிக்கும் கேக்கல. நீயும் சத்தமாப் பேசாத."

திரும்பும் வழியில் மலையேற்றத்தில் வண்டி சூடாகி நின்றது. தண்ணீர் ஊற்றிவிட்டுக் கல்லில் உட்கார்ந்திருந்தோம். நான்காம் அத்தியாயத்தைக் கிழித்துப்போட வேண்டியதுதான் என்றாள் ப்ரிஸ்கா. சொன்னபோது அவள் குரலில் வருத்தத்தைவிட வேறு ஏதோ அதிகமாக இருந்தது. இத்தனை வருடம் அவள் தேடியது இதுதான், இப்போதுதான் கையில் கிடைத்திருக்கிறது. ஆனால் இதை எழுத முடியாது. முப்பது பேர் கேட்காததுபோல இருந்ததை அச்சில் போட்டால், அவர்கள் எல்லோரும் கேட்டே ஆகவேண்டும். ஆய்வுத் திட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாகவும், பதிவுகளைக் காப்பகத்துக்குத் தரப்போவதில்லை என்றும் சொன்னாள். நைரோபியில் ஒரு பல்கலைக்கழகத்தில் தேர்வாளராக அவளுக்கு மூன்று வாரம் வேலை இருந்தது. வந்ததும் எசெகோனை உட்காரவைத்து எல்லாவற்றையும் விளக்கமாகச் சொல்வதாக முடிவு செய்தாள்.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். துறையின் வியாழக்கிழமைக் கருத்தரங்கை நடத்துகிறவன் நான். லொகெரிம் போவதற்கு முன்பே ஒரு பேச்சாளர் வரவில்லை என்று சொல்லிவிட, எசெகோன் பேரைப் பட்டியலில் போட்டிருந்தேன். மறந்துவிட்டேன் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன். மறக்கவில்லை. இருபது பேர், டீ, எண்ணெயில் பொரித்த மந்தாசி, ஒரு மணிநேரம். நல்ல கட்டுரையை நாலு பேர் கேட்டால் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். ப்ரிஸ்கா நைரோபியில் இருந்தாள். அவளுக்கு நான் சொல்லவில்லை.

எசெகோன் கவனமாகத்தான் செய்தான். ஊர்ப்பேரை மாற்றியிருந்தான். ஆட்களுக்கு எண் கொடுத்திருந்தான். ஆனால் நடுவில், கேட்பவர்கள் நம்பவேண்டுமே என்று, காமாரிங் பேசிய நாற்பது விநாடியை ஒலிக்கவிட்டான். பிறகு அதன் பொருளை வார்த்தைக்கு வார்த்தை சொன்னான். கடைசி வரிசையில் யாரோ செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன். யாரும் எதையும் பதிவு செய்கிற காலம், நான் ஒன்றும் நினைக்கவில்லை.

அந்த நாற்பது விநாடியும் எசெகோனின் விளக்கமும் செல்போன் குழுக்கள் வழியே ஒன்பது நாளில் லொகெரிம் போய்ச் சேர்ந்தன. பேரை மாற்றி என்ன? காமாரிங்கின் குரல் அங்கே குழந்தைக்கும் தெரியும். செத்த பையனுக்கு ஓர் அண்ணன் இருந்தான். கூட்டம் நடந்தபோது அவனுக்குப் பதினாலு வயது, பின்வரிசையில் நின்று செப்போசெரா சொன்னதைக் கேட்டவன், போகோட் மொழி தெரியாதவன். எட்டு வருடமாகக் காமாரிங்கைச் சந்தையில் பார்த்தால் தலை தாழ்த்தி வணங்கி வந்தவன். பத்தாவது நாள் காலை தண்ணீர்த் துறையில் காமாரிங்கின் மகன், எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தவன், சுடப்பட்டான். அவனோடு இருந்த ஒரு மாட்டுக்காரனும் செத்தான். அதற்குள், எசெகோனின் விளக்கத்தில் வந்த எவோயின் தோட்டாப் பேச்சும் போகோட் பக்கம் பரவிவிட்டது. அந்த வாரத்தில் இன்னும் நாலு பேர். சந்தையில் முதலில் எரிந்தது செப்போசெராவின் கடை. எரித்தது எந்தப் பக்கம் என்று இன்றுவரை தெளிவாகத் தெரியவில்லை. இரண்டு பக்கத்தாரும் அவளைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் துறையில் சிலர் அந்த வருடம் மழை பொய்த்ததைச் சொன்னார்கள். புதிதாக எல்லை தாண்டி வந்த துப்பாக்கிகளைச் சொன்னார்கள். வன்முறைக்குக் காரணம் ஒன்றல்ல என்று எழுதுவது எங்கள் தொழில், அது பொய்யுமில்லை. ஆனால் ப்ரிஸ்கா முன்னால் அதைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

அவள் நைரோபியிலிருந்து வந்த அன்று என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"லிஸ்ட்ல அவன் பேரை நீயா போட்ட?"

"ஆமா."

போய்விட்டாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

எசெகோன் மூன்று நாள் விடுதி அறையைவிட்டு வெளியே வரவில்லை. நான்காம் நாள் ப்ரிஸ்காவின் அறைக்கு வந்தான். தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது. சொல்லாமலே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"பேரையெல்லாம் மாத்தினேன் மேடம். ஊர்ப்பேரைக்கூட மாத்தினேன்."

அந்தப் பக்கம் தாள்களை அடுக்குகிற சத்தம் கேட்டது.

"பேரையெல்லாம் மாத்தினேன்" என்று மறுபடியும் சொன்னான்.

"குரலை மாத்தலயே எசெகோன்."

அவன் அழுதான். பிறகு அவள் குரல் கேட்டது. "நான் உன்கிட்டக் காரணத்தைச் சொல்லியிருக்கணும். நீ கேட்டப்ப எனக்குக் கோவம் வந்துது, ஏன்னா நீ கேட்டதுல பாதி உண்மை. அந்தக் கோவத்துல பொறுன்னு மட்டும் சொல்லிட்டேன். உனக்குப் புரியும்படி சொல்லல."

செப்டம்பரில் அவள் நேர்காணலுக்குப் போனாள். போகவேண்டாம், தள்ளிவைக்கச் சொல் என்று பலர் சொல்லியும் கேட்கவில்லை. குழுவில் இருந்த ஒருவர் பிறகு என்னிடம் சொன்னார். முதல் கேள்வியே நான்காம் அத்தியாயத்தைப் பற்றித்தான். அதில் காமாரிங் சொன்னதாக உள்ள வாக்கியம் அவர் சொன்னதில்லை, அந்த அத்தியாயத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று அவள் சொன்னாள். எப்படி அந்தத் தவறு நேர்ந்தது என்று கேட்டார்கள். மொழி தெரியாமல் எழுதியது என் தவறு, அதற்குமேல் சொல்லமாட்டேன் என்றாள். மொழிபெயர்ப்பாளர் ஏமாற்றினாரா என்று ஒருவர் வாயில் எடுத்துக்கொடுத்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் தப்பியிருப்பாள். "இல்ல. அவங்க அவங்க வேலையைச் சரியாச் செஞ்சாங்க. எனக்குத்தான் அந்த வேலை என்னன்னு தெரியல" என்றாள். குழுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பதவி கிடைக்கவில்லை. பதிப்பகம் புத்தகத்தைப் பற்றி ஓர் அறிவிப்புப் போட்டது. அதை மட்டும் படித்தவர்கள் அவள் வாக்கியத்தைக் கற்பனையாகச் சேர்த்துவிட்டாள் என்றே நினைத்தார்கள், இன்னும் நினைக்கிறார்கள். அழைப்புகள் நின்றுபோயின.

செப்போசெரா புருசனோடு ராத்திரியோடு ராத்திரியாக ஓடி வந்து, கடைசியில் கிட்டாலேயில் என் தங்கை வீட்டுப் பின்கட்டில் குடியிருந்தாள். ப்ரிஸ்காவும் நானும் ஏற்பாடு செய்தது. டிசம்பரில் மூவரும் அவளைப் பார்க்கப் போனோம். எசெகோன் வருவானென்று நான் எதிர்பார்க்கவில்லை. ப்ரிஸ்கா கூப்பிட்டதும் சரி என்று வண்டியில் ஏறி உட்கார்ந்தான்.

அவள் முற்றத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். எசெகோன் யாரென்று ப்ரிஸ்கா சொல்வதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவனிடம் துர்கானா மொழியில், எசெகோன் பிறகு எங்களுக்குச் சொன்னபடி, எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்டாள். சொன்னான். உன் அம்மாவுக்கு நான் கடனுக்குச் சர்க்கரை கொடுத்திருக்கிறேன் என்றாள். அவன் தலையைக் குனிந்தபடி நின்றிருந்தான்.

"அந்தப் பேச்சுல ஒரு வார்த்தையாவது தப்பா எழுதினியா?" என்று சுவாஹிலியில் கேட்டாள், எங்களுக்கும் புரியட்டுமென்று.

"இல்லம்மா."

"அதான். அவ்வளவு நல்லாப் படிச்சிருக்க." அவள் குரலில் கிண்டலா, கோபமா, எனக்குப் பிடிபடவில்லை. அவனுக்கும் பிடிபடவில்லை. அவள் எதிரில் தரையில் உட்கார்ந்து மொச்சை உரிக்க ஆரம்பித்தான். அவள் தடுக்கவில்லை.

நவம்பரில் லொகெரிமில் மறுபடி கூட்டம் போட்டார்கள் என்று ப்ரிஸ்காவிடம் செப்போசெராதான் சொன்னாள். அரசாங்கம் இரண்டு மொழியும் படித்த ஓர் இளைஞனை மொழிபெயர்க்க அனுப்பியிருந்தது. நல்ல பையன், ஒரு சொல் விடாமல், ஒரு சொல் சேர்க்காமல் சொன்னானாம். இரண்டாம் நாள் காலையிலேயே கூட்டம் கலைந்துவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு பக்கத்திலிருந்தும், தனித்தனியாக, ஆள் வந்து அவளைக் கூப்பிட்டார்கள். காமாரிங் தன் மருமகனையே அனுப்பியிருந்தார். மகனைப் பறிகொடுத்த கிழவர்.

"போகப் போறீங்களா?" என்று ப்ரிஸ்கா கேட்டாள்.

"எப்படிப் போறது? இனிமே நான் வாயைத் தொறந்தா அத்தனை பேரும் என் வாயையே பாத்துட்டிருப்பாங்க. இவ என்ன மாத்தறா, எதை விடறான்னு. பாத்துட்டே இருந்தா அந்த வேலை நடக்காது டீச்சரம்மா."

என் தங்கை மக்காச்சோள உகாலிக் களியும் கீரையும் கொண்டுவந்தாள். சாப்பிட்டோம். செப்போசெரா எசெகோனுக்கு இரண்டாவது முறையும் தானே எடுத்துவைத்தாள்.

எசெகோன் ஜனவரியில் படிப்பை நிறுத்திவிட்டான். ப்ரிஸ்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். வேறு தலைப்பு, வேறு ஊர் என்றாள். இப்போது லொட்வாரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித்தருகிறான். ப்ரிஸ்கா எங்கள் துறையில்தான் இருக்கிறாள். இரண்டு மொழியில் துர்கானாவை முறையாகக் கற்றுக்கொண்டு வருகிறாள், நாற்பத்தெட்டு வயதில். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் உருப்போடுவது எனக்குக் கேட்கும். நாங்கள் பேசிக்கொள்கிறோம், பாடத்திட்டம், தேர்வு, விடுப்பு. கதவைத் தள்ளிக்கொண்டு வருவதில்லை.

ஜூன் மாதம் லொகெரிமில் மூன்றாவது முறையாகக் கூடப்போவதாகக் கேள்வி. யார் மொழிபெயர்க்கிறார்கள் என்று தெரியவில்லை. ப்ரிஸ்காவை யாரும் அழைக்கவில்லை. வரட்டுமா என்று அவளும் யாரையும் கேட்கவில்லை.